ஃபோர்மேனுக்கு ஒரு பத்திரமான கூண்டு

அறந்தாங்கியில் மீன் தொட்டியும் பறவைக் கூண்டும் விற்கிற முனியசாமி, கூண்டு வாங்க வந்து இன்ச் டேப்பை உருவிய ஆளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். நீள அகலத்தை அளந்தால்கூடப் பரவாயில்லை. இந்த மனிதர் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அளந்தார். மேலே ஒரு தரம், நடுவே ஒரு தரம், கீழே ஒரு தரம். அப்புறம் சட்டைப்பையில் துழாவி ஒரு நாணயத்தை எடுத்து, கம்பியின் தங்க நிறப் பெயிண்டைச் சுரண்டத் தொடங்கினார்.

“பாய், அது விக்கிற சாமானு.”

“தெரியுது. அதான் பாக்குறேன். இதுக்குள்ள குடியிருக்கப் போறது நீங்களும் இல்ல, நானும் இல்ல. அது மூக்கால கம்பியைக் கவ்விக் கவ்வித்தான் மேல ஏறும். இந்தப் பெயிண்டு வயித்துக்குள்ள போனா யாரு பொறுப்பு?”

பெயிண்டு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதை விரல் நுனியில் ஒற்றி எடுத்து முனியசாமியின் கண்ணுக்கு நேரே நீட்டினார். முனியசாமிக்கு எரிச்சல்தான். ஆனாலும் வியாபாரி அல்லவா, குவிமாடம் வைத்த வட்டக் கூண்டு ஒன்றை எடுத்து வந்து முன்னால் வைத்தார்.

“இது நல்லா ஓடுற மாடல் பாய். வீட்டுக்கு அழகா இருக்கும்.”

“வீட்டுக்கு அழகா இருக்கும், சரி. மேல போகப் போகக் கம்பியெல்லாம் நெருங்கி வருது பாருங்க. அங்கதான் கால் மாட்டும். பயந்துச்சுன்னா ஒதுங்கி ஒக்கார ஒரு மூலை இருக்கா? இல்ல. கதவைப் பாருங்க, மேல தூக்குற கதவு. மூக்கால தூக்கிட்டு வெளிய வந்துரும். பாதியில விட்டுச்சுன்னா கழுத்துல விழும்.”

“ஏன் பாய், நீங்க கிளிக்குக் கூண்டு வாங்குறீங்களா, இல்ல ஜெயில் கட்ட டெண்டர் எடுத்துருக்கீங்களா?”

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டே ஹனீபாவும் சிரித்தார். அவருக்கு இது புதிதில்லை. கத்தாரில் இருபது வருஷத்துக்கு மேல் அவர் பார்த்தது சேஃப்டி சூப்பர்வைசர் வேலை. ஒருவன் சாரத்தில் ஏறுவதற்கு முன்னால் சாரம் ஆடுகிறதா, கைப்பிடிக் கம்பி இருக்கிறதா, இடுப்பில் பெல்ட் கட்டியிருக்கிறானா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, நூற்றுக்குத் தொண்ணூறு தரம் ‘நோ’ சொல்வதுதான் சம்பளத்துக்கு அவர் செய்த வேலை. இப்படிப்பட்டவர்களை யாருக்கும் பிடிக்காது. ஆனால் அவர் இருந்த இடத்தில் யாரும் கீழே விழுந்து செத்ததில்லை. அதில் ஹனீபாவுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இருக்கட்டுமே.

போன நோன்புப் பெருநாளுக்கு முன்பு அவர் கத்தாரை மொத்தமாக முடித்துக்கொண்டு, கடலோரத்துச் சொந்த ஊரான மீமிசலுக்கு வந்துவிட்டார். வந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. அவருடைய வீடு அவர் இல்லாமலேயே மிக நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

மனைவி பவுசியா கரண்ட் பில்லைப் போனிலேயே கட்டினாள். மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்த ஆள் ஹனீபாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, என்ன கோளாறு என்பதைப் பவுசியாவிடம்தான் கேட்டான். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் ஃபர்ஹானா, போனில் “அத்தா, நல்லாருக்கீங்களா? சாப்பிட்டீங்களா? அம்மாகிட்ட குடுங்க” என்று ஒரே மூச்சில் முடித்தாள். தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் எந்த சுவிட்ச் எந்த ஃபேனுக்கு என்று தெரியாமல், மனிதர் வரிசையாகத் தட்டித் தட்டிப் பார்த்தார். யாரும் அவரை ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை. சூடாகச் சோறு போட்டார்கள், பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்தார்கள். விருந்தாளியை நாம் அப்படித்தானே கவனிப்போம்? அதுதான் அவரை உறுத்தியது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் புதுக்கோட்டைப் பக்கம் திருக்கோகர்ணம் போனார். பக்கத்து மாடியில் ஒரே கூச்சல். என்னவென்று எட்டிப் பார்த்தால், ஷர்லி என்று ஒரு பெண், பேங்கில் வேலை, மாடியில் வலை அடித்து வெளிநாட்டுப் பறவைகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். ஹனீபா அனுமதி கேட்டு மேலே போனார். ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பச்சைப் பறவை, சாம்பல் தலையும் சிவந்த வாலுமாக, நேரே பறந்து வந்து அவர் தோளில் உட்கார்ந்தது. சட்டைப் பொத்தானை மூக்கால் தட்டிப் பார்த்தது. வாட்ச்சைப் பார்த்தது. கடைசியில் காதுக்குள் தலையை நீட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று நிதானமாக ஆராய்ந்தது. ஒரு இன்ஸ்பெக்டரை இன்னொரு இன்ஸ்பெக்டர் சோதனை போடுவது ஹனீபாவின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அங்கேயே விழுந்துவிட்டார்.

“இது என்ன கிளிம்மா?”

“கோன்யூர் சார். தென்னமெரிக்காக்காரங்க.”

அவர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். என்ன சாப்பிடும், எப்போது தூங்கும், எதற்குக் கத்தும், எதற்குக் கடிக்கும், எதனால் சாகும். கடைசிக் கேள்வியைக் கேட்டதும்தான் ஷர்லி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பறவை வாங்க வருகிறவர்கள் பேசுமா என்றுதான் கேட்பார்கள், எதனால் சாகும் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

“மொதல்ல கூண்டு வாங்கி போட்டோ அனுப்புங்க சார். பாத்துட்டு, சரியா இருந்தா இவனைத் தாரேன். ஒரு ஆளு இவங்கூடவே இருக்கணும், அதையும் யோசிச்சுக்கங்க.”

ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டுமாம்! ஹனீபாவுக்கு அதைக் கேட்டதும் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அந்த வீட்டில் அவரால் மட்டுமே ஆகக்கூடிய ஒரு வேலை கடைசியில் கிடைத்திருக்கிறது.

கூண்டு முனியசாமியிடம் அமையவில்லை, புதுக்கோட்டையில் அமைந்தது. உயரத்தைவிட அகலம் அதிகமான நீள்சதுரக் கூண்டு, சுண்டுவிரல்கூட நுழையாத இடைவெளி. ஏறிப் பிடிக்கக் குறுக்குக் கம்பிகள் இருந்தன, சுரண்டினால் பெயிண்டு வரவில்லை. அப்போதும் மனிதர் திருப்திப்படவில்லை. கதவின் தாழ்ப்பாளைப் பறவை மூக்கால் நெம்பிவிடும் என்று, கத்தாரிலிருந்து ஞாபகத்துக்காகக் கொண்டு வந்திருந்த சேஃப்டி பெல்ட்டிலிருந்து திருகுப் பூட்டு உள்ள கொக்கியைக் கழற்றி அதில் மாட்டினார். ஒரு ஆளின் எடையைத் தாங்கும் கொக்கி, ஒரு கைப்பிடி கூட இல்லாத பறவையைக் காவல் காத்தது. கூண்டோடு வந்த வழவழப்பான பிளாஸ்டிக் கம்புகளைத் தூக்கி எறிந்துவிட்டு, கொய்யாக் கிளைகளை வெட்டிக் கழுவிக் காயவைத்து, தடித்தும் மெலிந்தும் கலந்து கட்டினார். ஒரே பருமனில் கம்பு இருந்தால் காலில் புண் வருமாம், ஷர்லி சொன்னது.

இன்னொன்றும் ஷர்லி சொல்லியிருந்தாள். ஒட்டாத பூச்சு பூசிய தவா அடுப்பில் தீய்ந்தால், அந்த ஆவி பறவையை நின்ற இடத்திலேயே கொன்றுவிடும். மறுநாள் காலையில் பவுசியா சமையலறையில் தேடிக்கொண்டிருந்தாள்.

“தோசைத் தவாவை எங்கங்க?”

“பரண்ல போட்டாச்சு. கொசுவர்த்தியும் வேணாம். பாத்ரூம் கழுவுற ஆசிட்டும் வேணாம்.”

“நான் வேணுமா, வேணாமா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். சாயங்காலம் போய் ஒரு இரும்புக்கல் வாங்கி வந்து, எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்துப் பழக்கினாள். கூண்டை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது மட்டும், “பின்னால தாவாரத்துல வைக்கலாமே, நல்லா காத்து வரும்” என்றாள். ஹனீபா தலையை ஆட்டினார். தாவாரத்தில் பூனை வரும், வெயில் அடிக்கும், மழையில் சாரல் அடிக்கும். அந்த இடம் சேஃப் இல்லை. கூண்டு ஹாலில், உள் மூலையில், அவர் நாற்காலிக்கு எதிரே அமர்ந்தது. பூனை நுழையாதபடி ஜன்னல் கதவுகளும் சாத்தப்பட்டன.

பறவைக்கு ஃபோர்மேன் என்று பெயர் வைத்தார். பொருத்தமான பெயர்தான். வந்த அன்றே ஹால் முழுக்க நடந்து, கதவு, டைல்ஸ் ஓரம், நாற்காலிக் கால் என்று எல்லாவற்றையும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, எதுவும் ஒழுங்காக இல்லை என்பதுபோல் வீடே அதிரக் கத்தியது. காலையில் முருங்கைக்கீரையும் கொய்யாத் துண்டும், மத்தியானம் வேகவைத்த பயறு, சாயங்காலம் கொஞ்சம் தினை. வெளியே விடும் நேரத்தில் ஃபேன் நிற்க வேண்டும். இப்போது எந்த சுவிட்ச் எந்த ஃபேனுக்கு என்பது ஹனீபாவுக்குத் தலைகீழாகத் தெரியும். பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொன்னதும் கூண்டின் மேல் ஒரு பழைய கைலியைப் போர்த்திவிடுவார். அவர் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பினால், கேட் சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து ஒரு கூச்சல் எழும். தன் வருகைக்காக ஒரு உயிர் கத்துகிறது! அந்தக் கூச்சலைக் கேட்பதற்காகவே அவர் தேவையில்லாமல் கடைக்குப் போய்வந்தார் என்று பவுசியா சொல்வாள். உண்மைதான்.

வெள்ளிக்கிழமை என்றால் ஹனீபாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வெள்ளைக் கைலி கட்டி, ஜும்ஆ தொழுகைக்குப் போவதற்கு முன்னால் பகூர் போடுவார். அகில் கட்டைத் தூளைப் பன்னீரும் இன்னும் என்னென்னவோ வாசனைகளும் சேர்த்து உருட்டியது. அதைப் பித்தளைச் சட்டியில் கனிந்த கரிமேல் வைத்தால் அறையே மணக்கும். கத்தாரில் கட்டில்கள் நெருங்கிக் கிடந்த கேம்ப் அறையில், சாக்ஸ் நாற்றத்துக்கும் குழம்பு நாற்றத்துக்கும் நடுவே, வெள்ளிக்கிழமை காலையில் அந்த வாசனை வந்தால்தான் தானும் ஒரு மனிதன் என்று அவருக்குத் தோன்றும். அந்த வாசனையோடுதான் வீட்டுக்கு வீடியோ கால் போடுவார். வீட்டுக்கு வந்த பிறகு அதை விட முடியுமா? சட்டியைச் சட்டைக்குள் காட்டுவார், அறை அறையாகக் கொண்டுபோவார், கடைசியில் கூண்டைச் சுற்றியும் ஒரு வலம் வருவார். ஜும்ஆ நாள் வாசனை தனக்கு மட்டும்தானா, ஃபோர்மேன் என்ன பாவம் செய்தான்?

அவர் கரி பற்றவைக்கிற நேரத்துக்குப் பவுசியா பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவாள். வெள்ளிக்கிழமை வந்தால் அவளுக்குத் துவைக்கிற பைத்தியம் பிடித்துவிடுகிறது என்று ஹனீபா நினைத்துக்கொள்வார்.

முதல் தடவை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜும்ஆ முடிந்து வந்தபோது கேட் சத்தத்துக்குக் கூச்சல் வரவில்லை. உள்ளே ஃபோர்மேன் இறகையெல்லாம் உப்பிக்கொண்டு பந்துபோல் உட்கார்ந்திருந்தது. மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கியது. கொய்யாவைத் தொடவில்லை. மறுநாள் சாயங்காலத்துக்குள் தேறிவிட்டது. ஆனால் அடுத்த வாரமும் அதேபோல் ஆனது.

விபத்து நடந்தால் காரணம் கண்டுபிடிப்பது அவர் தொழில். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். முதலில் கூண்டு. கம்பி கம்பியாகத் தடவினார், எங்கும் பெயிண்டு போகவில்லை, துரு இல்லை. அடுத்து கொய்யா. ரோட்டோரக் கொய்யாவில் மருந்து அடித்திருப்பார்களோ என்று உப்புத் தண்ணீரில் ஊறவைத்தார். தண்ணீரை மாற்றினார். பக்கத்து வீட்டில் சுவருக்குப் பெயிண்டு அடித்தார்களா என்று போய் விசாரித்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமைதான் வருகிறது என்பது புலப்பட்டதும் இன்னும் சுறுசுறுப்பானார். வெள்ளிக்கிழமை என்ன விசேஷம்? பிரியாணி! வெங்காயம் பொரிகிற நெடிதான் காரணம் என்று சமையலறைக் கதவை மூடச் சொன்னார். பிறகு இன்னொன்று தோன்றியது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பயான் பிரசங்கம் சத்தமாக வருமே, அதில் பறவை மிரண்டு போகிறதோ? ஹால் ஜன்னல்களை இன்னும் இறுக்கிச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் செருகினார். நீங்கள் இந்நேரம் காரணத்தைக் கண்டுபிடித்திருப்பீர்கள். இருபது வருஷ அனுபவசாலி ஹனீபா கண்டுபிடிக்கவில்லை.

ஷர்லிக்குப் போன் போட்டார். அவள் குரலில் கவலை இருந்தது.

“வீட்டுல புகை ஏதாச்சும் இருக்கா சார்? கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுவத்தி?”

“எதுவும் இல்லம்மா. நான் பீடி சிகரெட்டு கையால தொட்டதில்ல. சாம்பிராணி எங்க வீட்டுல போடுற பழக்கமே இல்ல.”

அவர் பொய் சொல்லவில்லை. சாம்பிராணி கடைக்காரர்கள் போடுவது. கொசுவர்த்தி கொசுவுக்கு. பகூர் என்பது வாசனை, வெள்ளைச் சட்டை மாதிரி அவர் உடுத்திக்கொள்கிற ஒரு பொருள். அதைப் புகையோடு சேர்த்து நினைக்க அவர் மனதில் இடமே இல்லை.

“கோவிச்சுக்காதீங்க சார். இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா எங்கிட்டயே கொண்டாந்து விட்டுருங்க. அவன் உயிரோட இருக்கணும்ல.”

“சரிம்மா,” என்றார் ஹனீபா. போனை வைத்த பிறகு வெகுநேரம் கூண்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். ஃபோர்மேன் கம்பி வழியாக மூக்கை நீட்டி அவர் கைக்கடிகாரத்தின் முள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் நான் யார் என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. பிரியாணி வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிட்டார். எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது, எல்லா இடுக்கிலும் துண்டு இருந்தது. கூண்டு பளபளவென்று இருந்தது. குளித்து, உடுத்தி, மனசு நிம்மதியாகக் கரியைப் பற்றவைத்தார். உயிர் பிழைக்க வேண்டிய ஜீவனுக்கு நல்ல வாசனையாவது இருக்கட்டும் என்று, அன்றைக்குப் பகூரைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டார். கூண்டைச் சுற்றி வலம் வந்து, சட்டியைப் பக்கத்து ஸ்டூலிலேயே வைத்துவிட்டுத் தொப்பியை எடுக்கத் திரும்பினார்.

பொத்தென்று ஒரு சத்தம்.

ஃபோர்மேன் கூண்டின் தரையில் கிடந்தது. வாய் திறந்திருந்தது. ஹனீபா கதவைத் திறக்கப் பாய்ந்தால், அவர் மாட்டிய கொக்கி திறக்க மறுத்தது. ஒரு ஆளின் உயிரைக் காப்பாற்ற இறுக்கமாகச் செய்த திருகு அது, அவசரத்துக்கு வளைந்து கொடுக்குமா? விரல் வழுக்கியது. “யா அல்லாஹ்” என்று வாய்விட்டுக் கதறிக்கொண்டே திருகைப் பிடித்துத் திருப்பித் திருப்பி, ஒருவழியாகத் திறந்து, பறவையைத் துண்டில் அள்ளிக்கொண்டு பின்பக்கமாக ஓடினார். கார் அங்கேதான் நின்றது.

கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முருங்கை மரத்தடியில் பவுசியா பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். துவைக்கிற கல் காய்ந்து கிடந்தது. கொடியில் ஒரு துணியும் இல்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, கடல் பக்கம் முகத்தைத் திருப்பி, நன்றாக இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். துண்டோடு பறவையை வாங்கி, காற்று வருகிற பக்கமாக அதன் முகத்தைத் திருப்பிப் பிடித்தாள். கிழக்கேயிருந்து கொண்டல் காற்று உப்பு ஈரத்தோடு வீசிக்கொண்டிருந்தது.

“கார் சாவியை எடுத்துட்டு வாரேன்,” என்றார்.

“இருங்க. கண்ணைத் தொறக்குது.”

திறந்தது. ஒரு கண், பிறகு இன்னொரு கண். மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிதானப்பட்டது. கால் ஒன்று துண்டுக்குள்ளிருந்து வெளியே வந்து தேடி, பவுசியாவின் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஹனீபா மரத்தடி ஈர மண்ணிலேயே, வெள்ளைக் கைலியோடு, தொப்பென்று உட்கார்ந்தார்.

மூச்சு வந்ததும் அவருக்குள் இருந்த சூப்பர்வைசர் விழித்துக்கொண்டார். காய்ந்த கல்லைப் பார்த்தார், கவிழ்ந்த பக்கெட்டைப் பார்த்தார்.

“துணி எங்க?”

“நேத்தே தொவச்சுட்டேன்.”

“பெறகு இங்க என்ன செய்யுற?”

“சும்மாதான். காத்தாட ஒக்காந்துருந்தேன்.”

திறந்து கிடந்த கதவு வழியாக உள்ளேயிருந்து பகூர் மணம் மெல்லிசாக மிதந்து வந்தது. பவுசியா பேசிக்கொண்டே, தன்னை அறியாமல், சேலைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்தாள். ஹனீபா அதைப் பார்த்தார். பறவையைப் பார்த்தார். திரும்பவும் அவளைப் பார்த்தார்.

கத்தாரில் மூடிய டேங்குக்குள் ஆட்கள் இறங்கி வேலை பார்க்கிற நாட்களில், எவ்வளவு பெரிய இன்ஜினீயர் வந்து அவசரப்படுத்தினாலும், உள்ளே இருக்கும் காற்றை மீட்டர் விட்டுச் சோதிக்காமல் ஒரு ஆளை அவர் இறக்கியதில்லை. முதலில் காற்று, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் நடத்தும் முதல் பாடமே அதுதான். அந்த மனிதர் இங்கே கம்பி இடைவெளியை அளந்தார், பெயிண்டைச் சுரண்டினார், தவாவைப் பரணில் போட்டார், ஜன்னலைச் சாத்தினார். காற்றை மட்டும் பார்க்கவில்லை. அவர் முகம் சுண்டிப் போய்விட்டது.

“ஒனக்கும் ஆகாதா அது?”

பவுசியா சேலைத் தலைப்பைச் சட்டென்று கீழே இறக்கினாள்.

“எத்தன நாளா?”

“நீங்க லீவுல வரும்போதே அப்படித்தான். நெஞ்சை அடைக்கும், தலை வலிக்கும். இந்தச் சனியன் கூண்டுக்கும் காட்டுவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா அன்னைக்கே சொல்லிருப்பேன்.”

“கிளிக்குன்னா சொல்லிருப்ப. ஒனக்குன்னா சொல்ல மாட்டியா?”

அவள் ஃபோர்மேனின் தலையை ஒரு விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு அவரைப் பார்க்காமலே சொன்னாள்.

“லீவுல வந்தா ரெண்டு மூணு வெள்ளிக்கெழம. பொறுத்துக்கலாம். இப்ப மொத்தமா வந்துட்டீங்க. வந்த நாள்லேருந்து என்ன செய்யுறதுன்னு தெரியாம ஹாலுக்கும் வாசலுக்கும் நடக்குறீங்க. நான் பாக்காமயா இருக்கேன்? இந்த வீட்டுல நீங்க ஆசையாச் செஞ்சது அது ஒண்ணுதான். அதையும் வேணாம்னு நான் சொல்லிட்டா, நீங்க எங்கிட்டுப் போவீங்க?”

தன்னை இந்த வீட்டில் யாரும் கவனிக்கவில்லை என்று ஹனீபா நினைத்துக்கொண்டிருந்தார். இவளோ அவரைக் கவனித்துக் கவனித்து, வாராவாரம் நல்ல காற்றுக்காகக் கொல்லையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், அதுவும் துவைப்பதாகப் பாவனை செய்ய ஒரு பக்கெட்டையும் தூக்கிக்கொண்டு.

அவர் எழுந்து உள்ளே போனார். பித்தளைச் சட்டியைத் துணியால் பிடித்து எடுத்து வந்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துத் தொட்டித் தண்ணீரில் கரியைக் கவிழ்த்தார். சுர்ரென்றது. மறுபடி உள்ளே போய் இடுக்கில் செருகியிருந்த துண்டுகளை உருவி, ஒரு ஜன்னல் விடாமல் எல்லாவற்றையும் திறந்தார். திறந்ததும் பள்ளிவாசலின் பயான் வீட்டுக்குள் கணீரென்று வந்தது. கொல்லையில் பவுசியாவின் கையிலிருந்த ஃபோர்மேன் தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு அதற்குப் பதில் சொல்வதுபோல், பலவீனமாகத்தான் என்றாலும், ஒரு கத்து கத்தியது.

“இதுக்கா கதவிடுக்கெல்லாம் துண்டைச் சொருவுனீங்க?” என்று பவுசியா சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

அன்று அவர் பள்ளிவாசலுக்குப் போனபோது கைலியில் சேறு இருந்தது, வாசனை இல்லை. கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. மறுநாள் புதுக்கோட்டையில் ஒரு கால்நடை டாக்டரிடம் ஃபோர்மேனைக் காட்டி மருந்து வாங்கினார். அப்படியே திருக்கோகர்ணம் போய் ஷர்லியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் திருப்பிக் கேட்பாள் என்று பயந்துகொண்டேதான் போனார். அவள் பறவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூச்சைப் பார்த்து, மூக்கைப் பார்த்துவிட்டு அவர் தோளிலேயே திரும்ப வைத்தாள்.

“அதும் பொகைதான சார்?”

“ஆமாம்மா. எனக்கு அது பொகைன்னு தோணவே இல்ல.”

வீட்டுக்கு வந்ததும் கூண்டுக் கதவிலிருந்து அந்தக் கொக்கியைக் கழற்றிவிட்டு, ஒரே அழுத்தில் திறக்கிற சின்னக் கொக்கி ஒன்றை மாட்டினார். பிறகு ஹால் நடுவே நின்றுகொண்டு, அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவர் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

“பவுசியா, கூண்டை எங்கிட்டு வைக்கலாம்?”

“அன்னைக்கே சொன்னேன்ல. பின்னால தாவாரத்துல.”

“பூனைக்கு என்ன செய்யுறது?”

“வலை அடிங்க. வெயிலுக்கு ஒரு தட்டி கட்டுங்க. அதெல்லாம் ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். நன்றாகவே தெரியும். ஹனீபா இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு தாவாரத்துக்குப் போனார். ஃபோர்மேன் தோளில் உட்கார்ந்தபடி டேப்பின் நுனியைக் கடித்து இழுத்தது. அவர் கூண்டுக்கு மூலையை அளந்து, சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டார். பவுசியா வந்து கையைக் கட்டிக்கொண்டு கோட்டைப் பார்த்தாள்.

“எனக்கு ஒரு நாற்காலி போட எடம் விட்டு அளங்க. இனிமே பக்கெட்டுல ஒக்கார முடியாது.”

ஹனீபா போட்ட கோட்டை அழித்தார். டேப்பை மறுபடி உருவி, பாதியில் நிறுத்தி, அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒரு நாற்காலியா, ரெண்டா?”

“கேள்வியைப் பாரு,” என்று சொல்லிவிட்டு, டேப்பின் இன்னொரு நுனியைப் பிடித்துக்கொள்ளப் பவுசியா குனிந்தாள்.